வெயில் மேல் போட்ட பழி

1607-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு கூட்டங்கள் அமெரிக்காவில் இறங்கின. முதலாம் ஜேம்ஸ் மன்னர் முந்தைய ஆண்டு கொடுத்த ஒரே சாசனத்தின் கீழ் அமைந்த இரண்டு கம்பெனிகள் அவர்களை அனுப்பியிருந்தன. லண்டன் கம்பெனியின் ஆட்கள் தெற்கே செசபீக் விரிகுடாவுக்குள் நுழைந்து, ஓர் ஆற்றங்கரையில் இறங்கி, அந்த இடத்துக்கு ஜேம்ஸ்டவுன் என்று பெயர் வைத்தார்கள். பிளிமத் கம்பெனியின் ஆட்கள் வடக்கே, இன்றைய மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோட்டை கட்டினார்கள்.

தெற்கே போனவர்களைப் பற்றிப் பள்ளிப் புத்தகம் தொடங்கி சினிமா வரை எல்லாம் இருக்கிறது. வடக்கே போனவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஜார்ஜ் போபம் தலைமையில் போன நூற்றுச் சொச்சம் பேர் அவர்கள். ஆகஸ்டில் இறங்கினார்கள். தானியம் போதாமல் டிசம்பரிலேயே பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் போபம் இறந்தார். மிச்சமிருந்தவர்கள் பனிக்குள் இருந்தபடியே ஒரு சிறு கப்பல் கட்டும் வேலையைப் பார்த்தார்கள். அடுத்துத் தலைமைக்கு வந்த ராலீ கில்பர்ட்டுக்கு, ஊரில் அண்ணன் காலமாகிச் சொத்து தனக்கு வந்திருக்கிறது என்ற செய்தி கிடைத்தது. எல்லோருமாக மூட்டை கட்டிக்கொண்டு 1608-ல் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இவர்கள் குளிரை எதிர்பார்க்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. கென்னபெக் முகத்துவாரம் ஏறத்தாழ 44 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அது தென் பிரான்சின் அட்சரேகை. பாஸ்டன் ரோமாபுரிக்கு நேர். ஜேம்ஸ்டவுன் ஸ்பெயினின் செவியா நகருக்கு நேர். லண்டன் இவை எல்லாவற்றுக்கும் வெகு வடக்கே, 51 டிகிரியைத் தாண்டிக் கிடக்கிறது. ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்கு ஒரே தட்பவெப்பம்தான் இருக்கும் என்பது கிரேக்கர் காலத்திலிருந்து வந்த பாடம். அப்படியானால் வர்ஜீனியாவில் ஆலிவ் காய்க்க வேண்டும், திராட்சை பழுக்க வேண்டும், பட்டுப்புழு வளர வேண்டும். இதை நம்பிச் சட்டமே போட்டார்கள். 1619-ல் கூடிய வர்ஜீனியாவின் முதல் சட்டமன்றம், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு முசுக்கட்டைச் செடி நட வேண்டும் என்று விதித்தது. பட்டு வரவில்லை.

மேற்கு ஐரோப்பாவுக்கு அட்லாண்டிக் கடல்தான் கணப்புச் சட்டி. அங்கே வீசும் மேலைக்காற்று கடலின் வெதுவெதுப்பை வாங்கிக்கொண்டு கரையேறுகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அதே மேலைக்காற்று ஒரு கண்டத்தைக் குறுக்கே கடந்து வருகிறது. குளிர்காலத்தில் அந்த நிலம் உறைந்து கிடக்கும், கோடையில் தகிக்கும். போதாக்குறைக்கு அது குறும் பனியுகத்தின் உச்சக்கட்டம். போபத்தின் ஆட்கள் மெய்னில் நடுங்கிய அதே குளிர்காலத்தில் லண்டனில் தேம்ஸ் நதியே உறைந்து, அதன்மேல் கடை போட்டு வியாபாரம் நடந்தது.

இப்படிக் கணக்குத் தப்பிய கரையில்தான் அடுத்த 125 ஆண்டுகளில் 13 குடியேற்றங்கள் உருவாயின. வடக்கே குளிர், கல் நிலம், மீன், கப்பல், பக்தி. நடுவே மிதமான பருவம், கோதுமை, பல இன மக்கள். தெற்கே வெயில், புகையிலை, நெல், அடிமைகள். அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் மூன்று கட்டம் போட்டுக் காட்டும் இந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கிற பிள்ளைக்கு, அடிமை முறையும் வெயிலில் விளைந்த ஒரு பயிர் என்றே மனதில் பதியும். அந்த இடத்தில்தான் எனக்குச் சண்டை. வெயில் என்ன செய்தது, மனிதர்கள் என்ன செய்துவிட்டு வெயில் மேல் பழி போட்டார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்கான சாட்சியங்கள் கிடைக்கின்றன.

சேற்றில் விளைந்த புகை

ஜேம்ஸ்டவுனை அமைத்த இடத்தைப் போல மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஸ்பெயின்காரன் கப்பலில் வந்து தாக்கினால் தற்காத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று பார்த்துப் பிடித்த சதுப்புத் தீவு அது. கோடையில் ஆற்றில் நீர் வற்றினால் கடல்நீர் ஏறி வரும். தாங்கள் போட்ட கழிவு அங்கேயே சுற்றும், அதையே குடிக்க வேண்டும். 1607 மே மாதம் இறங்கிய 104 பேரில் அடுத்த ஜனவரிக்கு மிஞ்சியவர்கள் 38 பேர். அப்பகுதியின் பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரை அங்கே பல நூற்றாண்டுகளில் காணாத வறட்சி நிலவியது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த மண்ணின் சொந்தக்காரர்களான பவ்ஹாட்டன் மக்களுக்கே சோளம் விளையாத காலத்தில், விருந்தாளிகள் துப்பாக்கியைக் காட்டிச் சோளம் கேட்டார்கள். 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் மனிதர்கள் மனிதரைத் தின்றதற்கு எலும்புச் சான்றே 2012-ல் அகழாய்வில் கிடைத்தது. ஏறக்குறைய 14 வயதுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு அது.

இந்த மயானத்தைக் காப்பாற்றியது புகையிலை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் கரீபியப் பகுதியின் இனிய ரகத்தை நட்டுப் பார்த்தார். 1616-ல் இங்கிலாந்துக்குப் போனது சில ஆயிரம் பவுண்டு எடை. 1700 வாக்கில் செசபீக் பகுதியிலிருந்து ஆண்டுக்கு மூன்று கோடிப் பவுண்டுக்கு மேல் போயிற்று. மூன்று நான்கு போகத்தில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர் அது. எனவே புது நிலம் வேண்டும், புது நிலத்தில் காட்டை வெட்ட ஆள் வேண்டும். ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்றது அரசு. ஆறுகள் ஆழமானவை, கப்பல் தோட்டத்துக்கே வந்து சரக்கு ஏற்றிக்கொள்ளும். ஆகவே நகரம் வளரவில்லை, சந்தை வளரவில்லை, பள்ளிக்கூடமும் வளரவில்லை. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே மைல் கணக்கில் காடு.

அந்தக் காட்டை வெட்டியவர்கள் யார்? முதல் அறுபது ஆண்டுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். கப்பல் கூலிக்கு ஈடாக நான்கிலிருந்து ஏழு ஆண்டு உழைப்பதாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக் கூலிகள். அந்த நூற்றாண்டில் செசபீக்குக்கு வந்த ஆங்கிலேயரில் முக்கால்வாசிப் பேர் இவர்கள். பெண்கள் அபூர்வம். ஒப்பந்தம் முடியும் முன்பே மலேரியாவும் சீதபேதியும் பலரை முடித்துவிட்டன. தாய் தகப்பன் இருவரும் உயிரோடிருக்கப் பெரியவனான பிள்ளையைப் பார்ப்பதே அரிது. அநாதைகளின் சொத்தைக் கவனிக்கத் தனி நீதிமன்ற நாட்கள் ஒதுக்கினார்கள்.

1619 ஆகஸ்டில் ‘ஒயிட் லயன்’ என்ற கப்பல், அங்கோலாவில் பிடித்து ஒரு போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டிருந்தவர்களில் இருபது சொச்சம் பேரைக் கொள்ளையடித்து வந்து வர்ஜீனியாவில் விற்றது. அதன்பின் அரை நூற்றாண்டு வரை அங்கே ஆப்பிரிக்கர்களின் நிலை ஒரே மாதிரியாக இல்லை. 1621-ல் கொண்டுவரப்பட்ட அந்தோணி என்பவர் விடுதலை பெற்று, ஆந்தனி ஜான்சன் என்ற பெயரில் 250 ஏக்கருக்குச் சொந்தக்காரரானார். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1662-ல், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் வந்தது. 1667-ல், ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்று சட்டம் வந்தது. 1676-ல் நதானியல் பேக்கன் தலைமையில் நிலமற்ற வெள்ளையரும் கூலிகளும் அடிமைகளும் சேர்ந்து ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார்கள். இங்கிலாந்திலும் கூலி உயர்ந்து, ஒப்பந்தத்துக்கு ஆள் கிடைப்பது குறைந்துகொண்டிருந்தது. பெரிய தோட்டக்காரர்கள் ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பினார்கள். 1705-ல் அடிமைச் சட்டத் தொகுப்பு முழுமை பெற்றது.

இத்தனை ஆண்டுகளில் வர்ஜீனியாவின் வெயில் ஒரு டிகிரிகூட ஏறிவிடவில்லை. வெள்ளைத் தோல் அறுபது ஆண்டுகள் அதே வயலில் நின்று புகையிலை கிள்ளியிருக்கிறது.

கருவாட்டுத் தேசம்

வடக்கே வந்தவர்களின் கதை வேறு. 1620-ல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்கள் பிழைத்ததற்குக் காரணம், அவர்கள் குடியேறிய இடம் ஏற்கெனவே திருத்திய நிலமாக இருந்தது. பட்டுக்செட் என்னும் ஊர் அங்கே இருந்திருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் விட்டுச்சென்ற கொள்ளைநோயில் 1616-19 ஆண்டுகளில் அந்த ஊரே அழிந்தது. அந்த ஊரின் டிஸ்குவாண்டம் மட்டும், 1614-ல் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டு எப்படியோ தப்பித் திரும்பி வந்திருந்தார். தன் ஊரின் மேல் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குச் சோளம் விதைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

1630 முதல் பத்தாண்டுகளில் மாசசூசெட்ஸ் பகுதிக்கு பியூரிடன்கள் என்னும் கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். தனி ஆட்களாக வராமல் மனைவி மக்களோடும் பாதிரியாரோடும் வந்தார்கள். குளிர் இவர்களுக்கு ஓர் உபகாரம் செய்தது. கொசுவும் குடல் நோயும் தெற்கைப் போல வாட்டவில்லை, ஓடை நீர் சுத்தமாக இருந்தது. இருபது வயதைத் தாண்டியவர் எழுபதைத் தொடுவது அங்கே சாதாரணம். இங்கிலாந்திலேயே அரிதாக இருந்த தாத்தா பாட்டி உறவு நியூ இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஊர் நடுவே தேவாலயம், அதைச் சுற்றி வீடுகள், அதற்கப்பால் வயல். வேதம் படிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏய்த்துவிடுவான் என்ற பயத்தில், 50 குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்று 1647-ல் சட்டம் போட்டார்கள். ஹார்வர்டு கல்லூரி அதற்கு முன்பே, 1636-ல் வந்துவிட்டது.

கல்லூரி என்றதும் சென்னை நினைவுக்கு வராமல் இருக்காது. பாஸ்டனில் 1649-ல் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும் பணம் சேர்த்தவர் எலிஹு யேல். கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் இவருடையது. 1718-ல் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்கள், மன்னரின் படம், ஒன்பது பொதிச் சரக்கு ஆகியவற்றை அனுப்பினார். சரக்கில் இந்தியத் துணி நிறைய. அதை விற்று ஏறத்தாழ 560 பவுன் கிடைத்தது, கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இவ்வளவு மலிவாக ஒரு பெயர் நிலைத்தது உலகில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

நியூ இங்கிலாந்தின் நிலம் கல். மண்ணுக்கு மேலே தெரியும் கல்லைப் பொறுக்கி வேலி கட்டினால், அடுத்த வசந்தத்தில் உறைபனி இளகும்போது புதுக் கல் மேலே வரும். விளைச்சல் வீட்டுக்குத்தான் போதும், விற்கப் போதாது. எனவே கடலைப் பார்த்தார்கள். காட் மீனைப் பிடித்து உப்பிட்டுக் காயவைத்தார்கள். நல்ல கருவாடு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. உடைந்ததும் ஊறியதுமான மட்டரகம் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அதைத் தின்றவர்கள் கரும்புத் தோட்டத்து அடிமைகள். 1647-ல் பார்படோஸ் தீவிலிருந்து மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப்புக்கு ஒரு கடிதம் வந்தது. கரும்பில் லாபம் கொழிப்பதால் இங்குள்ளவர்கள் உணவுப் பயிரே வைப்பதில்லை, எவ்வளவு விலையானாலும் வெளியிலிருந்து வாங்கவே விரும்புகிறார்கள் என்பது அதன் சாரம். பாஸ்டனுக்கு வேறென்ன வேண்டும்? மீன், மரம், குதிரை போயின. மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு வந்தது. பாகைக் காய்ச்சி ரம் ஆக்கினார்கள். ரோட் தீவின் நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து ரம் ஆப்பிரிக்காவுக்குப் போய் மனிதர்களாக மாறியது. 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி ரோட் தீவுக் கப்பல்கள் ஏற்றிச்சென்ற ஆப்பிரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் முதலில் தந்தது எது என்று கேட்டால், கரோலினா என்றோ வர்ஜீனியா என்றோதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது மாசசூசெட்ஸ். 1641-ல் அவர்கள் இயற்றிய உரிமைகளின் சாசனம், நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் விலைக்கு வந்த அந்நியர்களையும் அடிமைகளாக வைத்துக்கொள்ளலாம் என்றது. வர்ஜீனியாவின் சட்டப் புத்தகம் அந்த இடத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. பனி பெய்யும் ஊரில், வேதம் படித்தவர்கள், பள்ளிச் சட்டத்துக்கும் ஆறு ஆண்டு முன்னதாக எழுதி வைத்தது இது.

நடுவில் இருந்தவர்கள்

பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் அடியும் திட்டும் வாங்கிய பெஞ்சமின் ஃபிராங்ளின், 17 வயதில், 1723-ல், ஓடிப்போய்ச் சேர்ந்த ஊர் பிலடெல்பியா. அவரைப் போன்றவர்களுக்கு அது சரியான ஊர்தான். தன் தந்தைக்கு மன்னர் பட்டிருந்த கடனுக்கு ஈடாக வில்லியம் பென் 1681-ல் வாங்கிக்கொண்ட பென்சில்வேனியாவில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், ஜெர்மானியர், அயர்லாந்து வழியாக வந்த ஸ்காட்லாந்துக்காரர் எனக் கலந்து கட்டி வாழ்ந்தார்கள். பக்கத்தில் நியூயார்க், 1664 வரை டச்சுக்காரர்களின் ஊர். 1643-ல் அங்கே வந்த ஒரு சேசு சபைப் பாதிரியாரிடம், இந்தச் சிற்றூரில் 18 மொழி புழங்குகிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

சுண்ணாம்புக் கல் மண், அளவான மழை, கல்லைப் பொறுக்க வேண்டாத சமவெளி. கோதுமை கொழித்தது, ஓடைக்கு ஓடை மாவரைக்கும் ஆலை சுழன்றது. மாவும் ரொட்டியும் வழக்கம் போல மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயின. கோதுமைக்கு உழும்போதும் அறுக்கும்போதும்தான் ஆள் வேண்டும், ஆண்டு முழுவதும் அடிமைக்குச் சோறு போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகவே பண்ணைகளில் அடிமைகள் குறைவு. அது கணக்கு, கருணையில்லை. கருணையும் ஓரிடத்தில் எட்டிப் பார்த்தது. ஜெர்மன்டவுனில் நான்கு பேர் 1688-ல் அடிமை முறை பாவம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் குவேக்கர் சபையிடம் கொடுத்தார்கள். சபை அதை மேலிடத்துக்கு அனுப்ப, மேலிடம் இன்னும் மேலே அனுப்ப, அங்கேயே அது அமுங்கிப்போயிற்று. தன் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா குவேக்கர்கள் தீர்மானித்தது 1776-ல். நியூயார்க் நகரத்திலோ 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐந்தில் ஒருவர் அடிமை. 1741-ல் தீ வைக்கச் சதி என்ற பீதியில் அந்த நகரம் 30 கறுப்பர்களை எரித்தும் தூக்கிலிட்டும் கொன்றது.

உரலும் மதகும்

தெற்கின் தெற்குக்கு வருவோம். கரோலினாவை இங்கிலாந்து நேரே உண்டாக்கவில்லை, பார்படோஸ் உண்டாக்கியது என்பதுதான் பொருத்தம். கரும்பில் நிரம்பி வழிந்த அந்தத் தீவில் நிலம் கிடைக்காத இளைய பிள்ளைகள், தங்கள் அடிமைகளையும் அடிமைச் சட்டத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு 1670-ல் தொடங்கிய சார்லஸ்டவுனுக்கு (இன்றைய சார்லஸ்டன்) வந்தார்கள். முதல் முப்பது ஆண்டுகள் மாடு மேய்த்தார்கள், மான் தோல் விற்றார்கள், பழங்குடிகளை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட்டுப் பிடிபட்டவர்களை அடிமைகளாகத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். பிறகு நெல் வந்தது.

நெல் எப்படி வந்தது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் கதையில், புயலில் சிக்கிய ஒரு கப்பல் தலைவன் மடகாஸ்கர் விதை நெல்லில் ஒரு பையைச் சார்லஸ்டவுனில் கொடுத்துவிட்டுப் போகிறான். இருக்கலாம். ஆனால் நெல்லோடு பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கதை போதாது. விதை மட்டும் இருந்தால் நெல் விளைந்துவிடுமா? வரப்பு, மடை, களையெடுப்பு, தண்ணீர் வைக்கும் நாள், வடிக்கும் நாள், உடைந்துபோகாமல் குத்துவது, புடைப்பது என்று எத்தனை இருக்கிறது! இங்கிலாந்திலிருந்து வந்தவனுக்கும் சரி, பார்படோஸ் கரும்புக்காரனுக்கும் சரி, இதில் ஒன்றும் தெரியாது. செனகல், காம்பியா, சியரா லியோன் கரைகளில் பல நூற்றாண்டாக நெல் பயிரிட்டு வந்த மக்கள் அடிமைக் கப்பல்களில் வந்தவர்களுள் இருந்தார்கள். அந்த அறிவுக்கு எவ்வளவு பங்கு தருவது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வழக்கு நடக்கிறது. கருவிகளைப் பார்த்தால் எனக்கு ஐயம் வரவில்லை. கரோலினாவில் நெல்லைக் குத்தியது மர உரலில், இரு முனையும் கனத்த உலக்கையால். புடைத்தது புல்லில் சுருள் சுருளாகப் பின்னிய அகன்ற தட்டுகளில். அந்தப் பின்னல் தட்டை சார்லஸ்டன் பக்கத்துச் சாலையோரங்களில் அவர்களின் சந்ததியினர் இன்றும் பின்னி விற்கிறார்கள்.

சைப்ரஸ் மரங்கள் நின்ற சதுப்பை வெட்டிக் கரை போட்டு வயலாக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இன்னொரு படி போனார்கள். கடல் ஏற்றத்தின்போது ஆற்றின் நன்னீர் மேலே தள்ளப்படும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலை நிரப்பி, இறக்கத்தின்போது வடித்துவிடுவது. மதகைத் தவறான நேரத்தில் திறந்தால் உப்புநீர் ஏறி ஒரு போகமே போய்விடும். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியும் கூடையுமாக மைல் கணக்கில் அவர்கள் எழுப்பிய கரைகள் இன்றும் வானிலிருந்து பார்த்தால் தெரிகின்றன. வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஒருவருக்கு ஒரு நாளில் கால் ஏக்கர் என்பது களையெடுப்புக்கு வழக்கமான அளவு. அதை முடித்தால் மிச்சப் பொழுது அவருடையது. அந்த மிச்சப் பொழுதில் கோழி வளர்த்தார்கள், தோட்டம் போட்டார்கள், பல ஆப்பிரிக்க மொழிகளையும் ஆங்கிலத்தையும் பிசைந்து கல்லா என்று ஒரு மொழியையே உண்டாக்கிக்கொண்டார்கள். 1708 வாக்கில் கரோலினாவில் வெள்ளையரைவிடக் கறுப்பர் அதிகம். 1770 வாக்கில் ஏற்றுமதியான அரிசி ஆண்டுக்கு 6 கோடிப் பவுண்டைத் தாண்டியது.

தேங்கிய தண்ணீரில் கொசு பெருகியது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கொடிய மலேரியா அங்கே நிரந்தரமாகக் குடியேறியது. மேற்கு ஆப்பிரிக்கரில் பலருக்குப் பரம்பரையாக அந்நோய்க்கு ஓரளவு எதிர்ப்பு இருந்தது உண்மை. முதலாளிகள் மே மாதம் வந்தால் தோட்டத்தை மேற்பார்வையாளனிடம் விட்டுவிட்டுக் கடற்காற்று வீசும் சார்லஸ்டவுனுக்கோ, நியூபோர்ட்டுக்கோ ஓடிவிடுவார்கள். பனி விழுந்த பிறகுதான் திரும்புவார்கள். போய் உட்கார்ந்த இடத்திலிருந்து, ஆப்பிரிக்கன் உடம்பை ஆண்டவன் இந்த வெயிலுக்கென்றே படைத்திருக்கிறான் என்று எழுதினார்கள். அந்த உடம்புகளின் குழந்தைகள் அந்தச் சேற்றில் கூட்டம் கூட்டமாகச் செத்ததையும் அவர்களுடைய கணக்குப் புத்தகங்களே சொல்கின்றன.

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் இருபது பேர் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, முரசடித்தபடி ஃபுளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அங்கே ஸ்பெயின்காரர்கள் விடுதலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வழியில் கூட்டம் பெருகியது. இருபதுக்கு மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டார்கள். மாலைக்குள் குதிரைப்படை வந்து அவர்களை வளைத்துக்கொண்டது. மறு ஆண்டே வந்த சட்டம், அடிமைகள் கூடுவதையும், முரசடிப்பதையும், அவர்களுக்கு யாரும் எழுதக் கற்றுக்கொடுப்பதையும் தடை செய்தது.

அதே ஆண்டுகளில், ஆன்டிகுவாவிலிருந்து வந்து 16 வயதில் அப்பாவின் மூன்று தோட்டங்களை நிர்வகித்த எலைசா லூகாஸ் என்ற பெண் அவுரி பயிரிட்டுப் பார்த்தார். சாயம் காய்ச்ச மான்செராட் தீவிலிருந்து ஒரு கைதேர்ந்தவரை வரவழைத்தார்கள். தன் ஊர் வியாபாரத்துக்குப் போட்டி வந்துவிடுமே என்று அவர் சுண்ணாம்பு நீரை அதிகமாகக் கொட்டிச் சாயத்தைக் கெடுத்தாராம். எலைசா விடவில்லை. 1744-ல் நல்ல சாயம் கிடைத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1748-ல் அவுரிக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. நெல் விளையாத மேட்டு நிலமும் இப்போது பணமாயிற்று. பிற்பாடு அமெரிக்கா கைநழுவியதும், அதே அவுரிக்காக ஆங்கிலேயர் வங்காளத்து உழவர்களின் கழுத்தில் கை வைத்தார்கள். அது வேறொரு வாரத்துக்கான கதை.

பதினாறு ஆண்டு சாட்சி

கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் நடுவே சவானா ஆறு ஒன்றுதான் எல்லை. இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே சதுப்பு, ஒரே கொசு, ஒரே வெயில். 1733-ல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் அங்கே ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் ஏழைகளுக்கு 50 ஏக்கர் கொடுத்து உழைத்துப் பிழைக்க வைப்பது திட்டம். ரம் கூடாது. ஒருவருக்கு 500 ஏக்கருக்கு மேல் நிலம் கூடாது. 1735-ல் இன்னொரு தடையும் சேர்ந்தது: அடிமை கூடாது. ஓகல்தார்ப்பின் நோக்கம் முழுவதும் அறம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஸ்பெயின்காரன் இருக்கும்போது எல்லையில் அடிமைகள் இருந்தால் ஆபத்து என்ற ராணுவக் கணக்கும் உண்டு.

சவானாவின் வசதி படைத்தவர்கள் ஆற்றுக்கு அப்பால் கரோலினாக்காரன் மாளிகை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1738 முதல் மனுவுக்கு மேல் மனு. இந்த வெயிலில் வெள்ளையரால் வேலை செய்ய முடியாது, நெல் விளைவிப்பது அறவே நடக்காது, எனவே அடிமைகளை அனுமதியுங்கள்.

அவர்களுக்குப் பதில் சொன்னவர்கள், இன்றைய ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து மதத்துக்காக விரட்டப்பட்டு எபனேசர் என்ற ஊரில் குடியேறியிருந்த ஜெர்மன் மொழிக்காரர்கள். மலைநாட்டு மனிதர்கள். வந்த புதிதில் பலரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, இடம் மாற்றி ஊர் கட்டியவர்கள். 1739 மார்ச்சில் அவர்கள் எழுதிக் கொடுத்த மனு இன்றும் இருக்கிறது. வெள்ளையர் இங்கே நெல் பயிரிட முடியாது என்று எங்களிடமும் சொன்னார்கள், அதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது, எங்களில் பலர் போன அறுவடையில் தேவைக்கு மேலேயே நெல் எடுத்திருக்கிறோம் என்கிறார்கள் அதில். அதே ஆண்டு ஜனவரியில் ஜார்ஜியாவின் டேரியன் ஊரின் ஸ்காட்லாந்து மலைநாட்டாரும் அடிமை வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

மனு நியாயமாக இருந்தது. பணம் மறுபக்கம் இருந்தது. சட்டத்தை மீறி ஆற்றைத் தாண்டி அடிமைகளை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள், அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள். 1751 ஜனவரி 1 முதல் தடை நீங்கியது. கரோலினா முதலாளிகள் கரையைத் தாண்டி வந்து நல்ல சதுப்பெல்லாம் வளைத்துக்கொண்டார்கள். கால் நூற்றாண்டுக்குள் ஜார்ஜியாவின் மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அடிமைகள்.

பிரிட்டனோடு மூண்ட தகராறு இந்த மூன்று திசைக்காரர்களையும் 1774 செப்டம்பரில், பிலடெல்பியாவின் தச்சர் மண்டபத்தில், ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தது. ஜார்ஜியா வரவில்லை, மற்ற 12 குடியேற்றங்களும் வந்தன. பிரிட்டனிடமிருந்து எதையும் வாங்குவதில்லை, ஓராண்டு பொறுத்து எதையும் விற்பதும் இல்லை என்று முடிவெடுக்கும் கட்டத்தில், தென் கரோலினாவின் ஐந்து பேரில் நான்கு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அரிசிக்கும் அவுரிக்கும் விலக்கு வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பேரம் நடந்தது. அவுரியை விட்டுக்கொடுத்தார்கள். அக்டோபர் 20-ல் கையெழுத்தான உடன்படிக்கையில், ஏற்றுமதித் தடைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: ஐரோப்பாவுக்குப் போகும் அரிசி.

ஊருக்குத் திரும்பியதும் அவுரிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நெல்லுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா? 1775 ஜனவரியில் சார்லஸ்டவுனில் கூடிய மாகாணப் பேரவையில், வெளியேறிய அந்த நால்வரில் ஒருவரான ஜான் ரட்லெட்ஜ் எழுந்து பதில் சொன்னார். வடக்கத்திக்காரர்கள் மீனையும் மாவையும் பிரிட்டனுக்கா விற்கிறார்கள்? இந்தத் தடையால் அவர்களுக்குப் பெரிய நட்டமில்லை. நம் சரக்குத்தான் பிரிட்டன் வழியாகப் போகிறது. அவர்கள் தங்கள் வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொண்டு தியாகம் பேசும்போது, நாம் மட்டும் ஏன் மொத்தமாக மூழ்க வேண்டும் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. சிறு வித்தியாசத்தில் அரிசி ஜெயித்தது.

(தொடரும்)